தோட்டத்தில் முயல்: அரளிக்கு முன்னால் வெயிலைப் பாருங்கள்

கேள்வி: கரூரில் சொந்த வீடு. பின்னால் 20க்கு 15 அடியில் சின்னத் தோட்டம் இருக்கிறது. அரளி, செம்பருத்தி, நந்தியாவட்டை, நித்தியகல்யாணி, சுவரோரம் மணி பிளான்ட், ஒரு முருங்கை, கொஞ்சம் தக்காளி, கத்தரி, புதினா. பொங்கல் முடிந்ததும் பிள்ளைகள் அடம்பிடித்து இரண்டு வெள்ளை முயல் வாங்க வைத்துவிட்டார்கள். இரண்டுமே பெண் என்றார் கடைக்காரர். இப்போது மூன்று மாதம் ஆகிறது. நாள் முழுக்கக் கூண்டில் அடைத்து வைப்பது பாவமாக இருக்கிறது. அவிழ்த்துவிட்டால் விஷச் செடி எதையாவது தின்றுவிடுமோ என்று பயமாகவும் இருக்கிறது. எந்தெந்தச் செடியைப் பிடுங்க வேண்டும் என்று ஒரு பட்டியல் தர முடியுமா? முயலுக்குத் தண்ணீர் வைக்கக் கூடாது, வைத்தால் செத்துவிடும் என்கிறார் என் மாமியார். அது உண்மையா?

கால்நடை மருத்துவர் பதில்:

அன்புச் சகோதரிக்கு,

முதலில் மாமியார் விஷயத்தை முடித்துவிடுவோம். முயலுக்குத் தண்ணீர் வேண்டும், இரவும் பகலும் வேண்டும். இரண்டு கிலோ எடையுள்ள முயல் சாதாரண நாளிலேயே கால் லிட்டர் வரை குடிக்கும், வெயில் காலத்தில் அதற்கும் மேலே போகும். ஆனால் உங்கள் மாமியார் சும்மா சொல்லவில்லை. அந்தக் காலத்தில் வீட்டில் முயல் வளர்த்தவர்கள் மூன்று வேளையும் பச்சைப் புல்லும் கீரையுமாகப் போட்டார்கள். இலையிலேயே பெருமளவு தண்ணீர் இருப்பதால் சட்டியில் வைத்தது அப்படியே கிடந்திருக்கும். முயல் தண்ணீரே குடிக்காது என்ற பேச்சு அதிலிருந்து வந்திருக்க வேண்டும். கனமான மண்சட்டி ஒன்றில் வையுங்கள், பிளாஸ்டிக் கிண்ணத்தை அது பல்லால் கடித்துத் தூக்கிக் கவிழ்த்துவிடும். குடிக்கிறதா இல்லையா என்று மாமியாரையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

சரி, தோட்டத்துக்கு வருவோம். நீங்கள் கேட்டது செடிப் பட்டியல். தருகிறேன், ஆனால் கொஞ்சம் பொறுங்கள். இத்தனை வருடத்தில் என் மேசைக்கு வந்த தோட்டத்து முயல்களில் செடி தின்று வந்தவை மிகக் குறைவு. வெயிலில் சுருண்டவை, நாய் பிடித்தவை, பயத்தில் தீனியை விட்டுக் குடல் நின்றுபோனவை, இவைதான் அதிகம். அதனால் உங்கள் ஊருக்கு நான் முதலில் சொல்ல வேண்டியது வெயிலைப் பற்றி. கோடையில் வெயில் செய்தி வாசிக்கும்போது கரூர் பரமத்தி எத்தனை முறை காதில் விழுகிறது என்று உங்களுக்கே தெரியும்.

முயலுக்கு வியர்க்காது. நாயைப் போல நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துச் சூட்டை இறக்கவும் அதற்குச் சரியாக வராது. உடம்பு மேலே கம்பளி, சூடு வெளியேற இருக்கும் பெரிய வழி அந்த இரண்டு காதுகள்தான். 20 டிகிரியை ஒட்டிய குளிர்ச்சிதான் அதற்குச் சுகம். 30ஐத் தாண்டினால் சிரமம், 35க்கு மேல் உயிருக்கே ஆபத்து. கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூரில் மத்திய செம்மறி ஆட்டு ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இருக்கிறது. அங்கே சோவியத் சின்சில்லா, ஒயிட் ஜெயன்ட் முயல்களைப் பார்த்தால் கன்றுக்குட்டி மாதிரிக் கொழுகொழுவென்று இருக்கும். சமவெளியில் முயல் வளர்க்கவே முடியாது என்று இதற்கு அர்த்தமில்லை, எத்தனையோ பேர் வளர்க்கிறார்கள். ஆனால் மலைக் குளிரில் தானாகக் கிடைப்பதை இங்கே நாம் செய்து கொடுக்க வேண்டும்.

ஒரு ஏப்ரல் மாதம், மதியம் மூன்று மணி இருக்கும். ஒரு பையன் அட்டைப்பெட்டியில் முயலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. முயல் எப்போதும் மூக்கால் மட்டும் சுவாசிக்கிற பிராணி, வாயைத் திறந்துவிட்டது என்றால் நிலைமை கைமீறுகிறது என்று பொருள். காதைத் தொட்டேன், அடுப்பிலிருந்து எடுத்த தோசைக்கல் போலச் சுட்டது. மூக்கைச் சுற்றி நனைந்திருந்தது. கூண்டு எங்கே இருந்தது என்று கேட்டால், மாடிப்படிக்குக் கீழே, நிழலில்தான் சார் என்றான். நிழல் சரிதான். ஆனால் மேலே தகரக் கூரை, மூன்று பக்கமும் சுவர், காற்றே இல்லை. அதில் ஐஸ் தண்ணீரை வேறு முழுக்க ஊற்றியிருந்தார்கள். ஐஸ் தண்ணீர் பட்டதும் தோலுக்கு அடியில் ரத்தக் குழாய்கள் சுருங்கி, உள்ளே இருக்கும் சூடு வெளியே வர முடியாமல் போகிறது. அந்த முயல் பிழைக்கவில்லை.

அப்படி எப்போதாவது பார்த்தால் சாதாரணக் குழாய்த் தண்ணீரில் துணியை நனைத்துக் காதுகளைத் துடையுங்கள், பாதங்களை நனையுங்கள், மின்விசிறிக்குக் கீழே வையுங்கள். வாயில் தண்ணீரை ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். அப்படியே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

இனி இடம். முழுத் தோட்டத்தையும் முயலுக்குத் திறந்துவிடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தோட்டத்துக்குள் ஒரு மூலையைத் தடுத்து முயலுக்குக் கொடுங்கள். 20க்கு 15ல் 10க்கு 6 அடி போனால் உங்களுக்கு நஷ்டம் பெரிதாக இல்லை. அதற்குள் இருக்கும் செடிக்கு மட்டும்தான் நீங்கள் கவலைப்பட வேண்டும், பட்டியல் பாதிக்குப் பாதி அங்கேயே அடிபட்டுப் போகும். அந்த மூலை வீட்டுக்குக் கிழக்குப் பக்கம் அமைந்தால் மதியத்துக்கு மேல் வீட்டு நிழலே விழும். மேற்குச் சுவரை ஒட்டிப் போடாதீர்கள், பகலெல்லாம் வெயில் குடித்த சுவர் ராத்திரி எட்டு மணி வரை அனல் கக்கும். முருங்கை நிழலை நம்ப வேண்டாம், அது சல்லடை. மேலே நிழல்வலையோ தென்னங்கீற்றோ போடுங்கள், தகரம் மட்டும் வேண்டாம். முருங்கைக்குப் பக்கத்தில் என்றால் மழைக்காலத்தில் அடிமரத்தைப் பாருங்கள், கம்பளிப்பூச்சி கூட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கும்.

உள்ளே பழைய மண்பானை ஒன்றைச் சாய்த்துப் பாதி புதைத்து வையுங்கள். வாய் குறுகலாக இருந்தால் உடைத்துக் கொஞ்சம் அகலப்படுத்தி, விளிம்பைத் தேய்த்துவிடுங்கள். மேலே ஈரச் சாக்கு. மதியம் வெளியே 38 டிகிரி இருக்கும்போது அதற்குள் கையை விட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். நான் பார்த்தவரை வாங்கிய முயல் வீடுகள் எல்லாவற்றையும்விட இதற்குத்தான் மவுசு, முயல்கள் மத்தியில். ஆனால் ஏப்ரல், மே இரண்டு மாதமும் காலை பத்து மணிக்குமேல் மாலை ஐந்தரை வரை பானையும் போதாது. வீட்டுக்குள், மின்விசிறி ஓடும் அறையில், தரையில் விடுங்கள். இதில் முயலுக்கு ஒரு குறையும் இல்லை. விடியற்காலையும் பொழுது சாயும் நேரமும்தான் அது துள்ளி ஓடும் நேரம், நடுப்பகலில் எப்படியும் தூங்கத்தான் போகிறது.

வேலிக்குக் கோழிவலை வாங்காதீர்கள். அது கோழியை உள்ளே வைக்கத்தான் லாயக்கு. தெருநாய் ஒரே இழுப்பில் கிழித்துவிடும், முயலே கூடக் கடித்து ஓட்டை போடும். அரை இஞ்ச் கண் உள்ள வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பிவலை) கேளுங்கள், கீரியும் பெருச்சாளியும் நுழையாது, பாம்புக்கும் பெரும்பாலும் தடை. மேலேயும் வலை கட்ட வேண்டும், பூனை சுவர் ஏறித்தான் வரும். நீங்கள் நிமிர்ந்து நிற்கும் உயரத்தில் கட்டினால் கூட்டிப் பெருக்க முதுகு வலிக்காது.

அடியிலும் வலை வேண்டும். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நம் காடுகளில் இருக்கும் முயல் வளை தோண்டாது, புதரோரம் பள்ளத்தில் படுத்துக்கிடக்கும். அதன் குட்டி ரோமத்தோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். நாம் கடையில் வாங்குவது அந்த முயலே அல்ல. ஸ்பெயின் பக்கத்து மண்ணில் வளை தோண்டி, கூட்டமாக வாழ்ந்த இனத்தின் வாரிசு. (யாராவது காட்டு முயல் குட்டி என்று கொண்டுவந்தால் வாங்கிவிடாதீர்கள். 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அதற்குப் பாதுகாப்பு உண்டு, வழக்கு உங்கள் மேல் வரும்.) உங்கள் வெள்ளை முயல்கள் பருவத்துக்கு வந்ததும் தோண்ட ஆரம்பிக்கும். ஒரே ராத்திரியில் வேலிக்கு அடியில் போய் அந்தப் பக்கம் எழுந்து நிற்கும். அந்தப் பக்கத்தில் நாய் நிற்கும். அதனால் 10க்கு 6 அடி முழுவதும் அரை அடி மண்ணை எடுத்து, வலையைப் பரப்பி, ஓரத்தை வேலி வலையோடு கம்பியால் முடிந்து, மண்ணைத் திரும்பப் போட்டு அருகம்புல் நட்டுவிடுங்கள். தோண்டும் ஆசையும் தீரும், ஆபத்தும் இல்லை. வலை மண்ணுக்குள்தான் இருக்க வேண்டும். வெறும் கம்பி மேல் நாள் முழுக்க நின்றால் பின்னங்கால் அடியில் முடி உதிர்ந்து புண் வரும்.

இவ்வளவு செய்தாலும் ராத்திரி வெளியே விட வேண்டாம். நாய் உள்ளே வரவே தேவையில்லை, வலைக்கு வெளியே நின்று குரைத்தாலே போதும். மிரண்ட முயல் துள்ளி மோதித் தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளும். பின்னங்காலின் பலத்துக்கு அந்த எலும்பு தாங்காது. பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிவையுங்கள்: காதைப் பிடித்துத் தூக்கக் கூடாது. ஒரு கை நெஞ்சுக்கு அடியில், ஒரு கை பின்பக்கத்துக்கு அடியில், அப்புறம் மார்போடு அணைப்பு. சின்னப் பிள்ளை என்றால் தரையில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொள்ளட்டும்.

இப்போது செடிகள். உங்கள் தோட்டத்தில் பயப்பட வேண்டிய முதல் ஆள் அரளி. இலை, பூ, பட்டை, வேர் எல்லாமே இதயத்தைத் தாக்கும் விஷம், காய்ந்த சருகிலும் விஷம் போகாது. அதற்காகப் பிடுங்க வேண்டியதில்லை. முயல் மூலையிலிருந்து தள்ளி, காற்றில் சருகு உள்ளே விழாத தூரத்தில் இருந்தால் போதும், கவாத்து செய்த குச்சியை மட்டும் உடனே அப்புறப்படுத்துங்கள். நந்தியாவட்டையும் நித்தியகல்யாணியும் அரளிக்குச் சொந்தக்காரர்கள்தான், ஒரே குடும்பம். அந்தப் பக்கமே தள்ளி வையுங்கள். பொதுவாக, ஒடித்தால் பால் வடியும் செடி எதுவும் முயல் பக்கத்தில் வேண்டாம். இந்தக் கணக்கில் எருக்கு, கள்ளி வகைகள், அலமாண்டா, பாலைவன ரோஜா எல்லாம் அடங்கிவிடும். பலா இலை போன்ற விதிவிலக்கு உண்டு, ஆனால் விதிவிலக்குகளை மனப்பாடம் செய்வதைவிட விதியைப் பிடித்துக்கொள்வது சுலபம்.

பால் வராமலே ஆபத்தானவையும் இருக்கின்றன: ஊமத்தை, ஆமணக்கு, உண்ணிச்செடி, குன்றிமணி, செங்காந்தள். வேலியோரம் தானாக முளைத்திருக்கும், பாருங்கள். ஊமத்தையில் இருக்கும் அட்ரோபின் என்ற விஷத்தைச் சில முயல்களின் ரத்தமே சிதைத்துவிடும் என்பது உண்மைதான், அதனால் அதையே மருந்தாக ஊசியில் போடும்போது எங்களுக்கே வேலை செய்யாமல் போவதுண்டு. உங்கள் முயல் அந்தச் சிலவற்றில் ஒன்றா என்று சோதித்துப் பார்க்காதீர்கள். மணி பிளான்ட் கொல்லாது, ஆனால் அதில் இருக்கும் ஊசி ஊசியான படிகங்கள் வாயை எரிச்சலாக்கும். எச்சில் ஒழுகி, தீனியை விட்டுவிடும், முயலுக்கு அதுவே பெரிய ஆபத்து. தக்காளி, கத்தரியின் இலையும் தண்டும் வேண்டாம், பழுத்த தக்காளி ஒரு துண்டு தின்றால் ஒன்றும் இல்லை. செம்பருத்தி பூ, இலை இரண்டும் தாராளமாகக் கொடுக்கலாம், புதினா, முருங்கைக் கீரை, கொத்தமல்லியும் அப்படியே. ஆட்டுக்குப் போடும் சவுண்டல் தழையை யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள், தொடர்ந்து தின்றால் முயலுக்கு முடி கொட்டும்.

செடியைவிட எனக்குப் பயம் செடிக்குப் போடுவதில். வேருக்கு வைக்கும் குருணை மருந்து, நத்தைக்குப் போடும் மாத்திரை, எலி மருந்து, இலையில் அடிக்கும் பூச்சிமருந்து எதுவும் அந்த மூலைப் பக்கம் வரக் கூடாது. இவற்றை எல்லோரும் சந்தேகப்படுவார்கள். ஆமணக்குப் புண்ணாக்கை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், இயற்கை உரம்தானே என்பார்கள். ஆமணக்கு விதையின் விஷம் எண்ணெயோடு போவதில்லை, புண்ணாக்கில்தான் தங்குகிறது. ரோஜாத் தொட்டிக்கு நல்ல உரம், முயலுக்கு எமன். அந்த மூலைக்கு வெளியிலிருந்து எந்த உரமும் தேவையில்லை, முயல் புழுக்கையே போதும். மாட்டுச் சாணம் போல மக்க வைக்கக் காத்திருக்காமல் நேராகச் செடிக்குப் போடலாம். உங்கள் கத்தரிக்கு இந்த வருடம் உரச் செலவு இருக்காது.

எதையாவது தின்றுவிட்டது என்று சந்தேகம் வந்தால், வாந்தி எடுக்க வைக்க உப்புத் தண்ணீர் கொடுக்கிற வேலை வேண்டாம். முயலுக்கு வாந்தி எடுக்கவே வராது. தின்ற செடியில் ஒரு கொத்தை ஒடித்துப் பையில் போட்டுக்கொண்டு முயலோடு கிளம்புங்கள். உங்களுக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி கிட்டத்தில்தான் இருக்கிறது.

தீனியில் ஒரே ஒரு விஷயத்தைச் சரிசெய்தால் பாதி நோய் வராது: தட்டில் முக்கால் பங்குக்கு மேல் புல் இருக்க வேண்டும். பல் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும், நார் உள்ள புல்லை அரைத்தால்தான் தேயும், குடலும் ஓடும். வெளிநாட்டு உலர்புல் பொட்டலம் விலை அதிகம், அது கட்டாயம் இல்லை. அருகம்புல்லையும் கொழுக்கட்டைப்புல்லையும் அறுத்து நிழலில் உலர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். நெல் வைக்கோல் படுக்கைக்கு ஆகும், தீனிக்குச் சத்து போதாது. கேரட் சினிமா முயலுக்குத்தான், சர்க்கரை அதிகம், வாரத்துக்கு இரண்டு சின்னத் துண்டு போதும். சோறு, பிஸ்கட், ரொட்டி கூடவே கூடாது.

தினமும் காலையில் கூண்டைப் பெருக்கும்போது புழுக்கையைப் பாருங்கள். கிட்டத்தட்டக் கொண்டைக்கடலை அளவு, உருண்டை, விரலால் நசுக்கினால் உள்ளே காய்ந்த புல் தூள் மாதிரி உதிர வேண்டும். நேற்றைவிடச் சின்னதாக, எண்ணிக்கையில் குறைவாக, ஒன்றோடொன்று முடியால் கோத்த மாதிரி இருந்தால் குடல் மெதுவாகிறது. விடிகாலையில் பின்பக்கம் குனிந்து எதையோ தின்கிறதே என்று பயப்படாதீர்கள், மென்மையாக வரும் இன்னொரு வகைப் புழுக்கையை அது நேராக வாயில் வாங்கித் தின்னும். அது அதற்கு மருந்து மாதிரி. ஆனால் 12 மணி நேரம் தீனியும் இல்லை, புழுக்கையும் இல்லை என்றால் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள், மறுநாள் இருக்காது.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுப்பதில் இரண்டு மட்டும் சொல்லிவிடுகிறேன். நாய்க்கு உண்ணி போக அடிக்கும் பிப்ரோனில் மருந்து முயலுக்கு விஷம். நமக்குச் சளிக்குக் கொடுக்கும் அமாக்சிசிலினை வாய்வழியாகக் கொடுத்தால் குடலில் இருக்கும் நல்ல கிருமிகள் செத்து, கெட்டவை பெருகி, வயிற்றுப்போக்கில் முயல் போய்விடும். காதுக்குள் அப்பளம் மாதிரிப் பொருக்குக் கட்டினால் அது சொறி, அதற்கு ஊசி இருக்கிறது, கொண்டுவாருங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. இரண்டும் பெண் என்று கடைக்காரர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். குட்டியில் பார்த்துச் சொன்னதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். நாலு மாதத்தில் முயல் பருவத்துக்கு வந்துவிடும், சினைக்காலம் 31 நாள், குட்டி போட்ட அன்றே மறுபடி இணைசேரும். ஆடிக்குள் உங்கள் வீட்டில் 15 முயல் ஓடும். இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒன்றை மடியில் மல்லாக்கச் சாய்த்து, ஒருவரைப் பின்பக்கம் தாங்கச் சொல்லி, வாலுக்கு முன்னால் இருக்கும் துவாரத்தின் இரு பக்கமும் மெல்ல அழுத்திப் பாருங்கள். நீளவாக்கில் பிளவாகத் தெரிந்தால் பெண். வட்டமாக, குட்டிக் குழாய் போல வெளியே வந்தால் ஆண். சந்தேகம் இருந்தால் ஒரு கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள், ஒரு நிமிட வேலை. ஒன்று ஆண் என்றால் அன்றைக்கே வேறு கூண்டுக்கு மாற்றுங்கள், ஆணுக்குக் கருத்தடை செய்தாலும் அதன் பிறகு ஒரு மாதமாவது சேர்க்காதீர்கள். அறுவைக்கு முன் பட்டினி போடச் சொன்னால் மட்டும் திருப்பிக் கேளுங்கள், முயலுக்கு அது கூடாது. கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம், ஒரு மாதக் குட்டியில் நாங்களே தப்பாகச் சொல்வதுண்டு.